கியர்பாக்ஸும் வெள்ளைச் சட்டைக்காரரும்

கோபத்தில் நியாயம் இருந்தால் மட்டும் போதாது. அது சரியான ஆள் மேல் போய் விழவும் வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு கார் ஷோரூம்.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். சுற்றிலும் கார் செய்யும் ஊரில் இருந்துகொண்டு பைக்கில் போவதா என்ற வீம்பில், ஆட்டோமேட்டிக் கியர் வண்டி ஒன்றை எடுத்தேன். புது வண்டி வாசனை போவதற்குள் கியர்பாக்ஸ் போய்விட்டது. சிக்னலில் பச்சை விழும். மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது. (பின்னால் நிற்கும் கண்டெய்னர் லாரிக்காரர் என் பரம்பரையையே விசாரிப்பார்.) கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

சர்வீஸில் முதல் முறை சாஃப்ட்வேரை மாற்றினார்கள். அடுத்த முறை ஏதோ வால்வு. மூன்றாம் முறை வண்டியை விட்டுவிட்டு வந்த பிறகு, கியர்பாக்ஸில் குறையே இல்லை, நான் பிரேக்கில் கால் வைக்கும் பழக்கம்தான் சரியில்லை, அதனால் வாரண்டியில் வராது என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் லைனில் ஒரே பாகம் மூன்று முறை திரும்பி வந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். இங்கே குற்றவாளி என் வலது கால்!

அந்த ஞாயிறு, மண்ணூரில் மாமியார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் வண்டி நின்றது. டீக்கடையே வேடிக்கை பார்க்க, என் மனைவி தீபா பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். வண்டி மறுபடி கிளம்பியதும் விசேஷத்தை மறந்து நேராக ஷோரூமுக்கு விட்டேன்.

உள்ளே நடுக்கூடத்தில் வெள்ளைச் சட்டையும் புன்னகையுமாக ஒருவர் நின்றிருந்தார். அந்தப் புன்னகைதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார், நான் விடவில்லை.

“உங்க வீட்டம்மாவ பட்டுப்புடவையோட நடுரோட்ல தள்ள வைங்க சார். அப்புறம் என் காலப் பத்திப் பேசுங்க.”

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் மெதுவாகச் சொன்னார்: “நான் வண்டி டெலிவரி எடுக்க வந்தேன் சார்.”

அவருக்குப் பின்னால் அவர் குடும்பம், மாலை போட்ட புது வண்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். நான் ஓர் அடி பின்வாங்கினேன். ஆனால் அவர் என் வண்டியை எட்டிப் பார்த்து, இதே மாடல்தானா என்று கேட்டார். அதேதான் என்றாள் தீபா. சத்தம் கேட்டு ஓடிவந்த நிஜ மேனேஜரிடம், முதலில் இவர் வண்டி ஓடுவதைக் காட்டுங்கள், பிறகு நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் தானே ஓட்டிக் காட்டினார். சர்வீஸ் ரோட்டில் அந்தத் துரோகி வண்டி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. சிரித்த வாய் மூடுவதற்குள் ஷோரூம் கேட்டை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. மிதித்தார். உறுமியது. நகரவில்லை.

தீபா ஜன்னலருகே போய்க் குனிந்தாள். “இன்னா சார், உங்களுக்கும் கால் பழக்கம் சரியில்லியா?”

நானும் வெள்ளைச் சட்டைக்காரரும் செக்யூரிட்டியும் சேர்ந்து வண்டியைத் தள்ளினோம். மேனேஜர் உள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கியர்பாக்ஸை முழுதாக, வாரண்டியிலேயே மாற்றித் தந்தார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். மன்னிப்புக் கேட்டவன் நான்தான், வெள்ளைச் சட்டைக்காரரிடம். “நல்லவேளை, என்னத் திட்னீங்க” என்று சொல்லிவிட்டு, அவர் மாலை போட்ட வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஆட்டோவில் போய்விட்டார்.

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை எனக்கு அறிமுகப்படுத்தும் முன், என் மச்சான் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்துவிட்டு என்னிடம் வந்து சொல்கிறான்: “மாமா, இவரு பொண்ணோட பெரியப்பா. மேனேஜர் இல்ல.”