மூணு பேர் வண்டியும் ஒரு பட்டுப் பாவும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பிள்ளையார்பாளையத்துல நிக்கிற வண்டியை எடுத்துக்கிட்டு, அப்பா அம்மாவோட வாலாஜாபாத் போய், பொண்ணு பாத்துட்டு வரணும்.

வண்டின்னா சாதா வண்டி இல்லீங்க. பழைய டெம்போ டிராவலர்ல சீட்டையெல்லாம் கழட்டிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வெச்ச கேம்பர் வேன். நான், பட்டு நெய்யற நாகராஜு, ஆம்புலன்ஸ் ஓட்டுற சாமுவேல், மூணு பேரும் பங்கு போட்டு வாங்கினது. ஆளுக்கு ஒரு வாரம்னு முறை. இந்த வாரம் என் முறை.

நிறுத்துறது மட்டும் எப்பவும் நாகராஜு தெருவுலதான். தெரு நல்ல அகலம். நெசவாளர் தெரு ஏன் அவ்வளவு அகலமா இருக்குதுன்னு காஞ்சிபுரத்துலயே பொறந்து வளந்த நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்!

இந்த சம்பந்தத்தைக் கொண்டு வந்தது எங்க அத்தை. ஏற்கெனவே ரெண்டு இடம் பேசி, ரெண்டும் கைநழுவிப் போச்சு. அதனால இந்தத் தடவை அத்தை கொஞ்சம் தாராளமாவே அளந்து விட்டிருந்தாங்க. "பையனுக்குச் சொந்த வண்டி. உள்ளயே சமையல் பண்ணலாம், படுக்கலாம்."

பொண்ணு பேரு ரேவதி. ஸ்கூல் டீச்சர். லீவு விட்டா ஊர் சுத்தணும்னு ஆசையாம். "அந்த வண்டியிலயே வரச் சொல்லுங்க, பாக்கணும்"னு சொல்லி அனுப்பினாங்க. போட்டோவைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அவங்களுக்கு என் போட்டோ பிடிச்சுதான்னு கேட்டேன். "வண்டி போட்டோ பிடிச்சுது"ன்னாங்க அத்தை.

காலையில அயர்ன் பண்ண சட்டையும் மல்லிப்பூ வாசனையுமா தெருவுக்குப் போனா, வண்டி நிக்குது. வண்டிக்குப் பின்னாடி இருக்கிற ஏணியிலேருந்து தெருக்கோடி வரைக்கும் ஒரு பட்டுப் பாவும் நிக்குது!

பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடுற இழைங்க. மூணு நாலு புடவை நீளத்துக்கு, தெருவுல இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வெப்பாங்க. அந்தக் கோடியில கடப்பாரை. இந்தக் கோடியில என் எதிர்காலம்.

"டேய் நாகு! இன்னாடா இது?"

நாகராஜு கஞ்சிக் கையோட திரும்பினான். "பாவுடா. கல்யாணப் புடவை ஆர்டரு."

"அது தெரியுது. எதுக்குடா வண்டியில கட்டின?"

"வழக்கமா கட்ற கல்லு உன் வண்டிக்கு அடியில கீதுப்பா. நான் இன்னா பண்றது?"

"இது என் வாரம்டா!"

"ஓட்றதுக்குத்தான மச்சான் வாரம்? நிக்கிறதுக்கு எவன் முறை போட்டான்?"

நாங்க வண்டி வாங்கும்போது டீசலுக்கு, டயருக்கு, கட்டில் மெத்தை துவைக்கறதுக்குக்கூட விதி போட்டோம். வண்டி சும்மா நிக்கிறப்ப அது யாருதுன்னு ஒருத்தனுக்கும் தோணலை.

"சரி, அவுத்து விடு. நாலு பேர் புடிச்சுக்கட்டும். நான் போய்ட்டு ஓடி வந்துடறேன்."

"ஈரம் காயறதுக்குள்ள தளர்ந்துச்சுன்னா இழை இழையா ஒட்டிக்கும். பாவு மொத்தமும் பாழு. நீ பொண்ணு பாத்துட்டு காப்பி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் நாலு பேர் புடிச்சிக்கினு நிப்பாங்களா?"

அதுக்குள்ள ஆட்டோவுல அப்பாவும் அம்மாவும் பழத்தட்டோட வந்து இறங்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வண்டியில ஏறியும் உக்காந்துட்டாங்க.

பாவு லேசா ஆடுச்சு. நாகராஜுக்குப் பதட்டம் வந்தா வீட்டுத் தெலுங்கு வெளிய வந்துடும். "ஆகண்டி! ஆகண்டி!"ன்னு, அதாவது நில்லுங்கன்னு, அலறினான். அம்மா தட்டோட அப்படியே உறைஞ்சாங்க. நாகராஜு அவங்களைப் பார்த்துக் கெஞ்சினான்.

"பெரியம்மா, அசையாதீங்க! ஏறினது ஏறிட்டீங்க, இறங்கவும் இறங்காதீங்க!"

பொண்ணு வீட்டுல இருந்த அத்தைக்குப் போன் போட்டு, "ஆட்டோவுலயே வந்துடறோமே"ன்னேன்.

"சொந்த வண்டின்னு சொல்லிட்டு ஆட்டோவுல வந்து எறங்குவியா? என் மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

போன்ல அத்தைக்குப் பின்னாடி ஒரு பொண்ணு குரல் கேட்டுச்சு. "வண்டி வரலைன்னா நாம போய்ப் பாத்துடலாம்பா. பைக்கை எடுங்க." இந்த இடமும் போச்சுன்னே நினைச்சேன்.

பாவு காயறதுக்கு முன்னாடி அவங்க வந்துட்டாங்க. பைக்ல அப்பாவும் பொண்ணும். பொண்ணோட அப்பா நல்ல ஆகிருதி. வயல்ல உழைச்ச உடம்பு. வண்டிப் படியில ஒரு கால் வெச்சாரு. வண்டி ஒரு பக்கமா சாஞ்சுது. தெருவே கத்துச்சு.

"ஐயா! மெதுவா!"

"பாத்து உக்காருங்க! ஆடாதீங்க!"

அப்புறம் நடந்ததுதான் காஞ்சிபுரத்துல இதுவரைக்கும் யாரும் பாக்காத பொண்ணு பாக்கற சடங்கு. ரெண்டு குடும்பமும் போட்டோ ஸ்டுடியோவுல உக்காந்த மாதிரி நேரா, அசையாம உக்காந்திருக்கோம். எங்கம்மா கண்ணை மட்டும் திருப்பிப் பொண்ணைப் பாக்கறாங்க. அடுப்புப் பக்கத்துல நான் மாட்டிக்கிட்டதால காப்பி போட வேண்டியதும் நான்தான். முறைப்படி பொண்ணு கொடுக்கணும். ஆனா அவங்க எழுந்தா பாவு ஆடும்.

சர்க்கரைக்காக மேல் அலமாரியைத் திறந்தேன்.

ஒரு பை விழுந்துச்சு. பழத்தட்டு மேலயே விழுந்துச்சு. பையிலேருந்து நெத்திலிக் கருவாடு அம்மா மடியில கொட்டுச்சு!

அம்மா அலறணும். ஆனா அசையக் கூடாது. அதனால உதட்டைக்கூட அசைக்காம, "டேய்ய்ய்"னு மட்டும் சொன்னாங்க.

சரியா அப்பதான் ஜன்னல்ல சாமுவேல் தலை. "மச்சான், போன வாரம் என் முறையில பழவேற்காட்லேருந்து வாங்கினு வந்த கருவாட்டை நம்ம வண்டியிலயே மறந்துட்டேன்பா. இன்னும் அங்கயே கீதா?"

பொண்ணோட அப்பா கழுத்தைத் திருப்பாம கேட்டாரு. "நம்ம வண்டியா? தம்பி யாரு?"

"நானும் ஓனர்தான் சார்."

வெளியேருந்து நாகராஜு கத்தினான். "நானும்தான்! பின்னாடி ஏணியெல்லாம் என் பங்கு!"

பொண்ணோட அப்பா என்னைப் பார்த்தாரு. "சொந்த வண்டின்னாங்களே. இதுல உங்களுது எதுங்க?"

பொய் சொல்ல வாய் வரலை. "மூணுல ஒண்ணுங்க. அது எந்த மூணுல ஒண்ணுன்னு எனக்கே தெரியாது."

அவர் எழுந்திரிக்கப் பாத்தாரு. வெளியேருந்து "ஆகண்டி!" அவர் திரும்ப உக்காந்துட்டாரு. கோவிச்சுக்கிட்டுப் போகவும் முடியாத நிலைமை. அந்த மனுஷனைப் பார்த்தா எனக்கே பாவமா இருந்துச்சு.

ரேவதிக்குச் சிரிப்பை அடக்க முடியலை. சிரிச்சா ஆடும்னு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் முந்தானையை எடுத்துட்டுச் சொன்னாங்க.

"அப்பா, மாப்பிள்ளைதான் தனியா வேணும். வண்டி பங்குல இருந்தா இன்னா?"

அம்மா மடியில கருவாட்டோட சிரிச்சாங்க. பொண்ணோட அப்பா எங்களை மாத்தி மாத்திப் பார்த்தாரு. அப்புறம் காப்பியை ஒரு வாய் குடிச்சு, "பையன் காப்பி நல்லாத்தான் போடறாரு"ன்னாரு.

அதுக்குள்ள நாகராஜு பாவைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிடுச்சு, எல்லாரும் அசையலாம்!"னு குரல் கொடுத்தான். தெருவே கை தட்டுச்சு. பாவுக்குத் தட்டினாங்களா, எனக்குத் தட்டினாங்களான்னு நான் கேக்கலை.

கிளம்பும்போது ரேவதி டிரைவர் சீட்ல ஏறி உக்காந்து பார்த்தாங்க. "டிராக்டர் ஓட்டியிருக்கேன். இதுவும் ஓட்டிடுவேன். உங்க அடுத்த முறை எப்ப?" சொன்னேன். "அப்ப அது என் முறை"ன்னாங்க.

கல்யாணம் ஆனா என் பங்குல பாதி அவங்களுது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு மிச்சம் ஆறுல ஒண்ணு.

அது ஏறக்குறைய ஸ்டெப்னி டயர்.