ஆறு மணிப் பேயும் கோதண்டம் மாமாவும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலை ஆறு மணிக்குப் பேய் வருகிற படம் ஒன்றை எடுத்தவன் நான். “உங்க பேய் ஏன் சார் விடிஞ்சப்புறம் வருது? இதுல ஏதாவது குறியீடு இருக்கா?” என்று சென்னைப் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். (லைட்டுக்கு வக்கில்லைப்பா, வேறென்ன.) விடியலில் எடுத்து, லென்ஸின் மேல் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டினால் நடுராத்திரி ஆகிவிடும் என்று நம்பினோம். பழவேற்காடு ஏரி, சொட்டு நீலத்தில் முக்கியெடுத்த வேட்டி மாதிரி வந்தது.

படத்தின் பெயர் ‘வலைக்குள் வந்தவள்’. எனக்கு இருபத்துமூன்று வயது. கேமரா, பொன்னேரியில் கல்யாண வீடியோ எடுக்கும் பாஸ்கருடையது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா இருந்தது. கதை, வசனம், இயக்கம் எல்லாம் நான். கதாநாயகனும் நானே. (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.)

தை பிறந்ததும் அம்மா தன் தம்பி கோதண்டம் மாமாவிடம் போய், அவர் மகள் மல்லிகாவை எனக்குக் கேட்பதாக இருந்தாள். எனக்கு உயிரே அதில்தான் இருந்தது. மாமாவுக்கோ என்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. “உம் புள்ளைக்கு வலை கட்டத் தெரியாது, படகு தள்ளத் தெரியாது. கேமராதான் தெரியும்னா அந்தக் கேமராவையே கட்டிக்கச் சொல்லு” என்று அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பேயாக நடிக்க வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மல்லிகா வந்து நின்றாள்.

“நான் நடிக்கிறேன்.”

“உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா?”

“மூஞ்சில முடியப் போட்டுக்கினா எந்த நைனாவுக்குத் தெரியும்?”

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவன் வலை போட முடியாது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடத்துப் பாடு ஒருவனுக்கு எப்போதோ ஒரு நாள்தான் வரும். நாங்கள் படமெடுக்க வைத்திருந்த நாளில் அந்த நல்ல இடம் முனுசாமி அண்ணன் பாடு. அவர் மாலை போட்டுச் சபரிமலைக்குக் கிளம்பிவிட்டார். ஆகவே இடம் காலி என்று நான் கணக்குப் போட்டேன். தன் பாட்டை அவர் கோதண்டம் மாமாவோடு மாற்றிக்கொண்டதை ஊர்க்கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பேயை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடியலில் போனால், அங்கே கழி நட்டு வலை கட்டியிருந்தது. “இன்னாடா, வலை கீது?” என்றான் பாஸ்கர். “முனுசாமி அண்ணன் மறந்து உட்டுட்டுப் போயிட்டாரு. நமக்கு செட்டு செலவு மிச்சம்” என்றேன். (எந்த மீன்பிடிக்காரனாவது வலையை மறந்துவிட்டுப் போவானா? பெற்ற பிள்ளையை வேண்டுமானால் மறப்பான்.)

மல்லிகாவின் முகத்தில் தேங்காய் எண்ணெயில் குழைத்த பவுடர். கண்ணைச் சுற்றி மை. இடுப்பளவுத் தண்ணீரில் வலை ஓரமாகக் குந்திக்கொண்டு, முகம் மட்டும் வெளியே தெரிய, என் விசிலுக்காகக் காத்திருந்தாள். பாஸ்கர் கேமராவை ஓடவிட்டான். பனி அபாரமாக இறங்கியிருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரிப்பு.

பனிக்குள்ளிருந்து கோதண்டம் மாமா வந்தார். தண்ணீரில் நடந்தபடியே, தலை குனிந்து, வலையின் அடிக்கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வலை நிறைய இறால் துள்ளுகிற சத்தம் எனக்கே கேட்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். பாஸ்கர் மட்டும், மாமா கதையில் இருக்கிறார் என்று நினைத்து, அவர் முகத்துக்கு ஜூம் போட்டான்.

கயிறு காலில் இடித்ததும் அதுதான் சைகை என்று மல்லிகா எழுந்துவிட்டாள்.

மாமா ஒரு கத்துக் கத்தினார். சின்னக் கத்தல்தான். தைரியசாலி. பேயை அடிக்கக் கையைக்கூட ஓங்கிவிட்டார்.

“நைனா, நான்தான்” என்றது பேய்.

அப்போது கத்தினார் பாருங்கள், ஒரு கத்தல். கரையிலிருந்த கொக்குகள் ஆந்திரா பக்கம் பறந்தன. கத்தியபடியே பின்னால் சாய்ந்து விழுந்தார். கயிறு கைநழுவ, வலைக்கடியில் இருந்த இறால் மொத்தமும் ஏரிக்குத் திரும்பிப் போனது. எப்போதோ வருகிற பாடு அது.

எழுந்து நின்று, மீசையில் ஒட்டிய பாசியை எடுத்துப் போட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “சேகரு, என் வூட்டுப் பக்கம் வந்துராத.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஆழம் தெரியாம காலை உடாதன்னு ஊர்ல சொல்வாங்க. நம்ம ஏரில ஆழம் கொயந்தைக்கும் தெரியும்டா. யாரு பாடுன்னு தெரிய வேணாம்?” (இதைவிட நல்ல பழமொழி நான் இன்றுவரை கேட்டதில்லை.) தை பிறந்த அன்றே பெண் கேட்கப் போனவளை மாமா மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

காணும் பொங்கலன்று மாலை கோயில் முன்னால் டிவி வைத்துப் படத்தைப் போட்டோம். பேய் எழும்பும்போது பாஸ்கர் பழக்கதோஷத்தில் அதைச் சுற்றி இதய வடிவச் சட்டம் போட்டிருந்தான். ஊரே விழுந்து புரண்டு சிரித்தது. அந்த இரண்டாவது கத்தலை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னார்கள். கடைசி வரிசையில் மாமா கைகட்டி நின்றார். நான் ஓடிவிடலாமா என்று செருப்பைத் தேடினேன்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே மல்லிகா.

“ஊரே இவளப் பேயாப் பாத்துருச்சிக்கா. இனிமே எவன் வந்து கேப்பான்?”

“நைனா, நான்தான் நடிக்கிறேன்னு சொன்னேன். அவரு கேக்கவே இல்ல.”

“தெரியும். இவனுக்கு அவ்ளோ மூளை ஏது? மாசி மாசம் வெச்சிக்கலாம்.”

இப்போது எங்கள் பெண் கல்லூரி போகிறாள். சென்ற வருடம் பழைய வீடியோ படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற சென்னைப் பையன் ஒருவன் வந்து, பாஸ்கரின் பரணிலிருந்த கேசட்டைச் சுத்தம் செய்து டிஸ்க்காகவே கொண்டுவந்துவிட்டான். அட்டையில் மாமா அலறும் முகம். படத்தில் பழைய கேசட்டின் கோடும் புள்ளியும் ஒன்று விடாமல் அப்படியே இருக்கின்றன. அதுதான் அழகாம். படம் ஓடும்போது சம்பந்தப்பட்டவர்கள் பேசுவதையும் தனியாகப் பதிவு செய்வார்களாம். என்னைக் கூப்பிடுவான் என்று இரண்டு நாள் கண்ணாடி முன் பேசிப் பழகினேன். அவன் மாமாவின் சட்டையில் மைக்கைக் குத்தினான்.

படம் நெடுக மாமா காற்றைப் பற்றியும் இறாலைப் பற்றியும் பேசுகிறார். பேய் எழும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, “இது என் பொண்ணு” என்கிறார். குரலில் அப்படியொரு பெருமை.

கடைசியில் பையன் கேட்கிறான்: “ஐயா, இதுலயே ரொம்ப பயங்கரமான சீன் எது?”

மாமா நன்றாக யோசித்துச் சொல்கிறார்: “இவன் எனக்கு மருமவனா வந்தது. அத இவுங்க எடுக்கல.”

போன வாரம் பைக்கை நிறுத்தத் தெரியாமல் மீன் காயப்போட்டிருந்த இடத்தில் சாய்த்துவிட்டேன். மல்லிகா எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. உள்ளே திரும்பி மகளிடம் சொன்னாள்: “உங்கப்பன் இன்னொரு சீன் பண்ணிக்கீறாரு. இதையும் யாரும் எடுக்கல.”