பதினொரு இறாத்தலில் லண்டன் பயணம்

பிரயாணத்துக்குப் பாரம் குறைவாகப் பொதி கட்டுவது எப்படி என்று என்னிடம் இதுவரை ஒருவரும் ஆலோசனை கேட்டதில்லை. கேட்டால் ஒழுங்காகச் சொல்லக்கூடியவன் நான். அந்த விடயத்தில் எனக்கு இருந்த அறிவு எங்கள் ஊரான உடுப்பிட்டியில் வேறு எவருக்கும் இருக்கவில்லை. அந்த அறிவைக் கொண்டு, நல்ல சுகத்தோடு இருந்த ஒரு பெண்மணியை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நான் சாகடித்தேன் என்பதையும் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. நில அளவைக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்தேன். கோடு ஒன்று தலைமயிர் அளவு பிசகினாலும் ஒருவருடைய வேலி அடுத்தவருடைய வளவுக்குள் போய்விடும் தொழில். சேர்ந்து கிடந்த லீவு முழுவதையும் ஒன்றாக எடுத்து, தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று ரயிலிலும் பஸ்ஸிலும் போய், லண்டனைப் பார்த்துவிட்டு அதே வழியால் திரும்பி வருவது என்று தீர்மானித்தேன். அந்த நாட்களில் சில இளைஞர்கள் அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் எழுதிய கடிதங்களை வாங்கி வாசித்துக் குறிப்பெடுத்தேன். எல்லோருடைய முறைப்பாடும் ஒன்றுதான்: பெட்டி பாரம்.

ஆகவே நான் பெட்டியே இல்லாமல் போக முடிவு செய்தேன். தோளில் மாட்டும் ஒரு கன்வஸ் பை. அதற்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் நிறுத்து நாட்குறிப்பில் பதிந்தேன். (சங்கக்கடை மனேச்சர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் தராசை உள்ளே வைத்துவிட்டார்.) பல் தூரிகையின் பிடியை அரிவாளால் பாதியாக வெட்டினேன். துவாயையும் பாதியாக்கினேன். நாட்குறிப்புப் புத்தகத்தின் மட்டையைக் கழற்றினேன். இரண்டு நைலோன் சட்டைகள் இருந்தன. சட்டையின் கீழ்ப்பகுதி எப்போதும் காற்சட்டைக்குள் மறைந்தே கிடப்பதால் அது வீண் பாரம் என்று கண்டு, இரண்டிலும் நான்கு அங்குலம் வெட்டித் தைப்பித்தேன். தையற்காரர் அளவை மூன்று தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். மிச்சமானது இரண்டு அவுன்ஸ்.

நீளக் காற்சட்டை ஒன்றுதான், உடம்பில் கிடப்பது. இரண்டாவது காற்சட்டை ஒன்றேமுக்கால் இறாத்தல் நிறுத்தது. 'துவைக்கும் நாளில் சாரம் உடுக்கலாம். ஆகவே நீக்கப்பட்டது' என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது. மொத்தம் பதினொரு இறாத்தல்; இன்றைய கணக்கில் ஐந்து கிலோ. அம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உவன் லண்டனுக்குப் போறானோ, கீரிமலைக் கேணிக்குத் தோயப் போறானோ?" என்று பக்கத்து வளவுக்குக் கேட்கும்படி கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கடல் கடக்கப் போகிறார் என்றால் அவர் ஊர் முழுவதற்கும் தபாற்காரர். மிளகாய்த்தூள், வடகம், எள்ளுருண்டை, நல்லெண்ணெய் என்று வந்து குவியும். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. நான் வாசற் படலையில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'பொதிகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.' அதற்குக் கீழே யாரோ கரியால் 'உத்தரவுப்படி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். எப்படியோ சனம் வருவது நின்றது.

புறப்படுவதற்கு முதல் நாள் கனகம்மா மாமி மாத்திரம் வந்தார். எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவர். கணவர் இல்லை. ஒரே மகன் குணம். கணக்கியல் படிக்கவென்று லண்டனுக்குப் போய் ஐந்து வருடம். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே காகிதம் அவரைத் தடுக்கவில்லை. கையில் ஒரு பால்மாத் தகரப் பேணி, நிறைய மிளகாய்த்தூள். அதன் மேல் வாழைநாரால் கட்டிய ஒரு பிடி புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு.

"தம்பி, உது பாரமில்லை. கையிலை பிடிச்சுக்கொண்டே போகலாம்."

இரண்டரை இறாத்தல் என்று கண்ணாலேயே கணித்தேன். ஒருவரிடம் வாங்கினால் எல்லோரிடமும் வாங்கவேண்டி வரும் என்று விளக்கினேன். பேணி இல்லாவிட்டாலும் குணத்தை நேரே போய்ப் பார்ப்பேன் என்றேன்.

"வெறுங்கையோடையோ?"

"ஓம் மாமி."

அவர் பேணியைத் திரும்ப இடுப்பில் வைத்துக்கொண்டார். "அவன் காயிதம் போட்டு இரண்டு வருஷமாச்சுது, தம்பி. இருக்கிறானோ, என்னை நினைக்கிறானோ ஒண்டும் தெரியாது. உதைக் கண்டாலெண்டாலும் ஒரு வரி எழுதுவான் எண்டு நினைச்சன்."

இன்று அந்த இடத்தில் நின்றால் பையையே எறிந்துவிட்டுப் பேணியைக் கொண்டு போவேன். அன்று நான் செய்தது, அவனிடம் ஒரு கடிதம் எழுதுவித்துக் கொண்டு வருவேன் என்று வாக்குக் கொடுத்ததுதான். கடிதம் பாரமில்லாத பொருள்.

லண்டன் வரைக்கும் என்னுடைய முறை வெற்றியாகவே இருந்தது. எல்லைச் சாவடிகளில் மற்றவர்கள் கயிறவிழ்த்துப் பெட்டி திறந்து நிற்க, நான் அவர்களைக் கடந்து போனேன். (துருக்கி மலைகளில் இரண்டு சட்டை, சாரம், பாதித் துவாய் எல்லாவற்றையும் ஒருங்கே அணிந்துகொண்டு நடுங்கியதை நாட்குறிப்பில் எழுதவில்லை.) பழைய பள்ளித் தோழன் ஒருவனுடைய அறையில் தங்கினேன். லண்டன் சேர்ந்த மறுநாள் சனிக்கிழமை. குறிப்பில் 'பிற்பகல் 4.00, குணம்' என்று எழுதிக்கொண்டு புறப்பட்டேன்.

மாடி பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து படி இறங்கும்போது காற்சட்டை பின்புறம் மேலிருந்து கீழாகப் பிரிந்தது. துவைக்கும் நாளன்றி ஆறு வாரமாக ஓய்வில்லாமல் உழைத்த காற்சட்டை. அதைக் குறை சொல்வதற்கில்லை. சட்டையை வெளியே இழுத்து விட்டேன். அது இடுப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வெட்டிய நான்கு அங்குலம் எங்கே தேவைப்படும் என்பது அந்த நடைபாதையில் எனக்கு மிகத் துல்லியமாகத் தெரிந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் நான்கு மணி என்று எழுதியாகிவிட்டது. மதில்களுக்கு முதுகைக் கொடுத்தபடி நண்டுபோல நகர்ந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவன் குணம். மெலிந்திருந்தான். என்னை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு என்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தான். எனக்குப் பின்னால் பெட்டி ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

உள்ளே வரச் சொன்னான். கதவுக்குள் ஓரடி வைத்துச் சுவரோடு நின்றுகொண்டேன். கதிரையைக் காட்டினான். நான் அதில் இருக்கவில்லை. தேநீர் போடவா என்றான். குடிப்பதென்றால் இருக்கவேண்டும், ஆகவே அதையும் வேண்டாம் என்றேன்.

"அண்ணை, அம்மா ஒண்டும் தந்துவிடேல்லையோ?"

"இல்லை."

வழியெல்லாம் பாடமாக்கி வந்த வசனத்தைச் சொல்ல அதுவே தருணம் என்று நினைத்தேன். காற்சட்டையின் காரணமாக என் முகமும் போதிய அளவு துக்கமாகவே இருந்திருக்கும்.

"குணம், அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தனான். பதறாமல் கேள்."

அவன் அப்படியே மாடிப்படியில் இருந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நான் ஒரு ஆண் அழுது அதுவரை கேட்டிராத மாதிரி அழுதான். எனக்குப் பெருந்திருப்தி. இரண்டு வருடம் கடிதம் எழுதாததற்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அவன் தோளைத் தட்டி, "அழு. அழுதால்தான் ஆறும்" என்றேன்.

அழுகை கேட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்து அளவெட்டி ஊர்க்காரர், தம்பிராசா அண்ணை; அந்த வீட்டில் மூத்தவர். குணம் அவருடைய காதில் ஏதோ சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், தலையசைத்தார். அதன் பிறகு எல்லாம் மிக ஒழுங்காக நடந்தன. அவர் மேலே போய் ரெலிபோனில் யாருடனோ கதைத்தார். இறங்கி வந்து குணத்தைக் கையில் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லண்டனில் நாலரை மணிக்குத் தோய்வார்கள் போலிருக்கிறது என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

தம்பிராசா அண்ணை திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில், என்னைப்போலவே சுவரோடு நின்றார். தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரே பெடியனும் இஞ்சை. அப்ப கொள்ளி ஆர் வைச்சது?"

"ஆருக்கு?"

"கனகம்மா அக்காவுக்கு."

"அவவுக்கேன் கொள்ளி? அவ நல்லா இருக்கிறா."

அவர் சுவரை விட்டு விலகி எனக்கு நேரே வந்து நின்றார்.

"அப்ப நீர் ஏன் ஐசே கதிரையிலை இருக்கேல்லை?"

காரணத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. திரும்பிக் காட்டினேன்.

எங்கள் ஊர்களில் இழவு சொல்லப் போகிறவர் வெறுங்கையோடு போவார். வாசலோடு நின்று சொல்வார். கதிரையில் இருக்கமாட்டார், ஒரு வாய் தண்ணீரும் குடிக்கமாட்டார். இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம். பதினொரு இறாத்தலுக்கு மேல் ஒரு அவுன்ஸ் ஏறாமல் ஆறு வாரம் கணக்குப் பார்த்த மூளையில் இது மாத்திரம் ஏறவில்லை. அதிலும், பெற்ற தாய் ஒருத்தி லண்டனுக்குப் போகிறவனிடம் ஒரு சிறங்கை மிளகாய்த்தூளும் கொடுத்துவிடவில்லை என்றால், அதற்கு எங்கள் ஆட்கள் காணக்கூடிய காரணம் ஒன்றுதான்.

தம்பிராசா அண்ணை படிகளில் இரண்டிரண்டாகப் பாய்ந்து ரெலிபோனுக்கு ஓடினார். முதலில் அவர் அதில் கொடுத்தது குணத்தின் பெயரில் உடுப்பிட்டி வீட்டுக்கு ஒரு தந்தி. அதை நிற்பாட்டக் கேட்டார். அது போய்விட்டது என்றார்கள்.

குணம் தலை ஈரத்தோடு வந்தான். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று நானே சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்காகச் சுவரை விட்டு முன்னே வந்தும் நின்றேன். அவன் உள்ளே போய்த் தன்னுடைய காற்சட்டை ஒன்றைக் கொண்டு வந்து தந்தான். பிறகு என்னைக் கதிரையில் இருத்தினான், தேநீர் போட்டான்.

கணக்கியல் சோதனையில் மூன்று தரம் சறுக்கிவிட்டதாம். பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலையாம். "எழுதினால் பொய் எழுதவேணும் அண்ணை. அதுதான் எழுதேல்லை." அதைச் சொல்லிவிட்டு மேசைக்குப் போய் எழுதத் தொடங்கினான். பதினொரு பக்கம். நான் அவனுடைய காற்சட்டையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். அன்றைய நாட்குறிப்பு: 'குணத்தைச் சந்தித்தேன். காற்சட்டை கிழிந்தது. சிறு குழப்பம்.'

உடுப்பிட்டியில் நடந்ததைப் பிறகு என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். தந்தியைக் கையெழுத்துக்குப் பதிலாக விரலடையாளம் வைத்து வாங்கியவர் கனகம்மா மாமியேதான். வாசிப்பிக்க எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பெற்ற ஐயா இங்கிலீசில் ஒருதரம் மனதுக்குள் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்: 'அம்மாவின் சாவுக்கு வர முடியாத பாவி நான். எல்லோரும் என்னை மன்னியுங்கள். குணம்.'

மாமி முதலில், "ஆற்றை அம்மா, ஆர் செத்தது?" என்று கேட்டாராம். விளங்கியதும் நிலத்தில் இருந்துவிட்டாராம். எங்கள் அம்மா தண்ணீர் எடுக்க ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது மாமி தந்தியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "அப்ப பெடியனுக்கு என்னிலை பட்சம் இருக்கு" என்றாராம். அன்று பின்னேரம் ஒழுங்கை முழுவதும் கொண்டு திரிந்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அடுத்த நாள் தவறைத் திருத்தி இரண்டாவது தந்தி வந்தது. அதை அவர் பொருட்படுத்தவேயில்லை. முதல் தந்தியைக் காணி உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்து கடிதத்தைக் கொடுத்தபோது அதையும் அங்கேயே வைத்தார். அதன் பிறகு குணம் ஒரு மாதமும் எழுதத் தவறியதில்லை.

எங்கள் ஊரில் ஒரு மரணம் நடந்தால் முதலில் நாலைந்து பேர் கூடி, யார் எந்த ஊருக்குச் சைக்கிளில் போய்ச் சொல்வது என்று பங்கிடுவார்கள். இவ்வளவு காலமாக அந்தப் பங்கீட்டில் என்னுடைய பெயர் வந்ததில்லை. ஒருமுறை நானாகவே அளவெட்டிப் பக்கம் போவதாக முன்வந்தேன். "நீர் போய்ச் சொன்னால் சனம் உம்மடை காற்சட்டையைத்தான் பார்க்கும், பந்தலுக்கு அளவு எடும்" என்றார்கள். அளவு எடுத்தேன். பந்தல்கள் எப்போதும் சரியாகவே அமையும்.

மாமிக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. சென்ற மாதம் ஒரு செத்த வீட்டில், நான் நூல் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, என்ரை முறை வரேக்கை சொல்லப் போறதுக்கு ஆக்கள் இருக்கினம். நீர் ஒரு இடமும் போகவேண்டாம், பந்தலும் அளக்கவேண்டாம். என்ரை கால்மாட்டிலை ஒரு கதிரையைப் போட்டு, ஒருக்காலெண்டாலும் இரும்."