இருபத்து நாலு பருந்துகள்

"இந்தக் கணக்குல மட்டும் கை வைக்க முடியாது," என்றார் வங்கி மேலாளர்.

தச்சருக்கு ஒன்றும் ஓடவில்லை. கையில் கோர்ட் தீர்ப்பு இருந்தது. பக்கத்தில் ஜப்தி உத்தரவோடு அமீனா நின்றார். கடன்காரர்களின் சொத்தை ஜப்தி செய்வதற்கென்றே கோர்ட் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மனுஷர், முப்பது வருஷ சர்வீஸ். அவரே தலையைச் சொறிந்தார்.

"கணக்குல பணம் இல்லையா சார்?"

"இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா அது தூதரகம் நடத்துறதுக்குன்னு வேற நாட்டு அரசாங்கம் போட்டு வெச்சிருக்கிற பணம். நம்ம கோர்ட் அதைத் தொடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"அப்ப நான் கேஸ்ல ஜெயிச்சது?"

"அதுக்கு வாழ்த்துகள்," என்றார் மேலாளர், மனதாரத்தான்.

வேறொன்றுமில்லை. இருபத்து நாலு தேக்கு நாற்காலி, ஒவ்வொன்றின் முதுகிலும் தங்கள் நாட்டு முத்திரை வேண்டுமென்று தூதரகம் கேட்டிருந்தது. அலகில் சாவி கவ்விய பருந்து. மரக்கடையில் கடனுக்கு மரம் எடுத்து, ராப்பகலாக உட்கார்ந்து, இறகு இறகாகச் செதுக்கினார் தச்சர். எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க இது, கோழி சாவியை முழுங்குது?" என்று கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவளுக்கு அது கோழிதான். நாற்காலிகளை இறக்கிக்கொண்ட தூதரகம், பருந்தின் மூக்கு முதுகில் குத்துகிறது என்று சொல்லிக் காசு தராமல் கையை விரித்துவிட்டது.

வங்கியைவிட்டு வெளியே வந்ததும் அமீனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷத்துல நான் வெறுங்கையோட திரும்பினதே இல்லை, தெரியுமா?"

நேரே போய், தெருவில் நின்ற தூதரகக் காரின் கதவில், பருந்துப் படத்தின் மேலேயே ஜப்தி நோட்டீஸை ஒட்டினார். சாயங்காலத்துக்குள் அமைச்சகம் வரை ஆட்டம் கண்டது. மறுநாள் நீதிபதி அமீனாவைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் காய்ச்சி எடுத்து, மெமோவும் கொடுத்தார். பருந்து முத்திரை இருக்கிற எதையாவது இன்னொரு தடவை தொட்டால் பென்ஷனை மறந்துவிட வேண்டியதுதானாம்.

இந்தப் பக்கம் மரக்கடைக்காரரும் கோர்ட்டுக்குப் போய், தச்சர் மேல் தீர்ப்பு வாங்கிவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன். அப்புறம் வீட்டுச் சாமான் ஜப்திதான்!"

"எங்கப்பா குடுத்த தேக்கு பீரோ இந்த வாசலைத் தாண்டிச்சுன்னா, பின்னாடியே நானும் தாண்டிடுவேன்," என்றாள் மனைவி. அவள் சொன்னால் செய்கிறவள்.

தச்சர் வக்கீலிடம் ஓடினார். "அந்தக் கணக்கு வழியா வியாபாரம் நடக்குதுன்னு காட்டுங்க, வியாபாரப் பணம்னா கோர்ட் தொடலாம், அப்புறம் நான் பார்த்துக்கறேன்," என்று தட்டிக் கொடுத்தார் வக்கீல்.

தச்சர் தூதரக வாசலிலேயே பழியாய்க் கிடந்தார். ஆறாம் நாள் அதிர்ஷ்டம் அடித்தது. 'பழைய சாமான்கள் விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. உள்ளே போனால், அடக் கடவுளே, அவருடைய இருபத்து நாலு நாற்காலிகள்!

மரக்கடைக்காரருக்கு முதல் தவணையாகக் கட்ட வைத்திருந்த பணத்தை, அந்தக் கணக்கிலேயே கட்டி, ரசீதும் நாற்காலிகளுமாக வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி நெஞ்சில் கை வைத்தாள். "நீங்க செஞ்ச நாற்காலியை, அவங்க காசே குடுக்காத நாற்காலியை, நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வந்தீங்களா?"

"அது சாட்சிம்மா!"

"இருபத்து நாலு சாட்சியும் எங்க படுக்கும்?"

கூடத்தில் பாதி, சமையலறையில் பாதி என்று போட்டார்கள். பாத்திரம் எடுக்க நாலு நாற்காலி தாண்ட வேண்டியிருந்தது.

நீதிபதி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டாத நாற்காலியைத் தள்ளிவிடறது வியாபாரம் ஆகாது. அப்படியே ஆனாலும், தூதரகச் செலவுப் பணத்தோட கலந்த பணத்தைத் தனியாப் பிரிச்சுத் தொட முடியாது. மனு தள்ளுபடி."

"அருமையான தீர்ப்பு! எனக்கே புது விஷயம்," என்று வியந்தார் வக்கீல். தச்சர் அவரைப் பார்த்த பார்வையில், அன்றைக்கு ஃபீஸைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

மாசக் கடைசி. மரக்கடைக்காரரின் ஜப்தி உத்தரவோடு வாசலில் வந்து நின்றவர் வேறு யார், அதே அமீனாதான்.

"என்னைத் திட்டாதீங்க அண்ணே. இது என் பொழைப்பு." குனிந்த தலையோடு உள்ளே வந்தவர், நாற்காலிகளைப் பார்த்ததும் நெருப்பை மிதித்தவர்போல் துள்ளினார். "ஐயையோ! இங்கயும் அந்தக் கோழியா?"

"பயப்படாதீங்க. இது நான் காசு குடுத்து வாங்..." என்று ஆரம்பித்த தச்சரின் இடுப்பில் மனைவி ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கோழி இருக்கிற எதையும் நான் தொட மாட்டேன். பென்ஷனுக்கு இன்னும் அஞ்சே மாசம்தான்." அமீனாவின் கண் மெல்ல நகர்ந்து பீரோவில் போய் நின்றது. வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாத தேக்குக் கதவு.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த நாற்காலியெல்லாம் வித்து, ரெண்டே மாசத்துல கடனை அடைச்சிடறோம் அண்ணா. அந்த பீரோவை மட்டும்..."

"உத்தரவுல இன்னிக்கித் தேதிதானேம்மா போட்டிருக்கு," என்றார் அமீனா, வருத்தமாக.

அமீனா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கு குத்தியது. எழுந்து, கூடத்தையும் பீரோவையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு காபி போடும்மா, வாசல்ல உட்கார்ந்து மெதுவாக் குடிக்கறேன். அண்ணே, ஒரு கோழி செதுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"