பன்னெண்டு சொல் காத்த டீ நேரப் போர்

ஊசிமுனைக்கு அஞ்சாத பெருவிரல் படைத்தவனே, நாலு ஓட்டைப் பட்டனில் நாலாபுறமும் நூல் பாய்ச்சி நடுவிலே வெற்றிக்கொடி நாட்டுறவனே, ஆயிரம் காஜா எடுத்தும் ஒருத்தருக்கும் கூஜா தூக்காதவனே, உன் நிஜப்பேரு உனக்கே மறந்து போற அளவுக்குப் பட்டன் பட்டன்னு உலகம் கூப்பிடுற உத்தமனே, நீ வாழ்க, உன் கைவிரல் உறை வாழ்க, ஒரு டீ நேரத்துக்குள்ள நீ நடத்துன மாபெரும் போரைப் பாட வந்த எனக்கு மூச்சு முட்டாம இருக்க நீயே துணை.

அந்தப் போர்க்களத்தை முதல்ல சொல்றேன் கேளுங்க. தெருமட்டத்துக்குக் கீழ பாதி புதைஞ்ச ஒரு தையல் கூடம். அதுக்கு இருக்குறது ஒரே சன்னல். அந்தச் சன்னல்ல வானம் தெரியாது, மேகம் தெரியாது, தெருவுல போறவங்க வர்றவங்க கால் மட்டும்தான் தெரியும். கால்சட்டையோட அடிமடிப்பைப் பாத்தே இது நம்ம கை, இது அடுத்த தெருக்காரன் கைன்னு சொல்லிடுற நாலு பேரு அங்க வாழ்ந்தாங்க. ஆவி கக்கும் இரும்புப் பேழை ஏந்தி, சுருக்கம் என்னும் அசுரக் கூட்டத்தைச் சுவடில்லாம பொசுக்கித் தள்ளுற இஸ்திரி மாமா ஒருத்தரு. பிசிறுன்னு ஒண்ணு தலை நீட்டுனா ஓவர்லாக் மிஷினை ஏவி விட்டு அதை ஒரே மூச்சுல அடக்குறவரு, பட்டனோட அக்காவைக் கட்டிக்கிட்டதால அவனுக்கு மச்சான் ஆனவரு இன்னொருத்தரு. மூணாவது நம்ம பட்டன். நாலாவது ஆளைச் சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க.

கத்திரி அக்கா.

மச்சான் கட்டுன அக்கா வேற, இவங்க கூடத்துக்கே அக்கா. இந்த அக்காவைப் பாடுறதும் அக்கா கையில இருக்குற கத்திரியைப் பாடுறதும் ஒண்ணுதான். துள்ளும் கெண்டை மீன் போல அலகு. யானைத் துதிக்கை போல வளைஞ்ச பிடி. கம்பளியை வெண்ணெய் மாதிரி வெட்டும், பட்டுத்துணியை மூச்சு விடுற சத்தத்துல வெட்டும். ஆனா துணியைத் தவிர வேற எதையும் அது தொடக்கூடாது. காகிதம் பட்டா முனை மழுங்கும், அது தையக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. முனை மழுங்குனா அக்கா முகம் எப்படி ஆகும்ங்குறது அந்தக் கூடத்துக்கு மட்டும் தெரிஞ்ச விதி. "ஒரே நிமிஷம் குடுங்கக்கா, இந்தா தந்துர்றேன்"னு கை நீட்டி வந்த எத்தனையோ பேரு வெறுங்கையோட திரும்பிப் போயிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "நிமிஷம் கேட்டு வர்றவன் வருஷம் ஆனாலும் திருப்பித் தரமாட்டான். போ." முதலாளியே ஒருநாள் கேட்டப்பவும் அதே பதில், கடைசியில மட்டும் கொஞ்சம் மரியாதை சேந்துச்சு: "போங்க சார்."

அப்பேர்ப்பட்ட அக்காவுக்குத்தான் அன்னைக்கு ஆபத்து வந்துச்சு.

சொந்தமா ஒரு மிஷின் வாங்கி, சொந்த வாசல்ல ஒரு போர்டு மாட்டணும்னு சிறுகச் சிறுகச் சேத்ததுல பாதியை, பட்டன் பேச்சைக் கேட்டு அக்கா கிரிப்டோன்னு கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்குற காசுல போட்டு, போன்ல வாலட்டுங்குற பையில வச்சிருந்தாங்க. அதைத் திறக்குற சாவி பன்னெண்டு சொல்லு. வாலட் ஆரம்பிச்ச அன்னைக்கு போன் திரையில வந்த அந்தப் பன்னெண்டையும், ஊரு உலகம் மாதிரி சீட்டுல எழுதாம, தன் நீலக் கோட்டு உள்பக்கத்துல ஊசியால எழுத்து எழுத்தா தைச்சு, மேல லைனிங் போட்டு மூடிட்டாங்க. தையக்காரி வேற எப்படி எழுதுவா? இந்தச் சொல்லு எதுக்கு, ஏன் ரகசியம்னு பட்டன் அன்னைக்கே விளக்குனான். ஆனா அக்கா வாயில அஞ்சாறு குண்டூசி, கையில அவசரக் கோட்டு, வாசல்ல அதுக்குச் சொந்தக்காரரு. காதுல மட்டும் ஒண்ணும் ஏறல.

இப்ப காலையில ஒரு போன். வாலட் ஆபீஸ்ல இருந்து பேசுறோம் மேடம், உங்க வாலட் இன்னையோட பூட்டிக்கும் மேடம், பன்னெண்டு சொல்லையும் சொன்னீங்கன்னா தடுத்துடலாம் மேடம், எடுத்து வைங்க, டீ நேரத்துல கூப்பிடுறேன் மேடம்.

டீ நேரத்து மணி அடிச்சதும் அக்கா இதைச் சாதாரணமா சொன்னாங்க. பட்டன் கையில இருந்த ஊசி, வாழ்க்கையில முதல் தடவையா, தப்பான ஓட்டையில இறங்குச்சு.

"குடுத்துடாதீங்கக்கா."

"ஏன்?"

அந்த ஏன் இருக்கே, அது லேசுப்பட்ட ஏன் இல்ல. பாக்கெட்டுக்கு ஏன் மூடி, கோட்டு முதுகுல ஏன் வெட்டு, முதலாளிக்கு ஏன் முதல் கிளாஸ்னு கேட்டு ஊர் வாயை எல்லாம் அடைச்ச ஏன். கோட்டைச் சுவர் போல உசந்து, அகழி போல ஆழமா, நாலு முதலையும் உள்ள விட்ட மாதிரி கிடக்குற ஏன்.

"அவன் திருடன்க்கா."

"திருடன் இப்படியா பேசுவான்? வாய்க்கு வாய் மேடம்ங்குறாரு. நீ இத்தனை நாள்ல ஒரு தடவை சொல்லிருக்கியா?"

பட்டன் எழுந்தான். முக்காலி பின்னால சாஞ்சு விழுந்துச்சு. மடியில இருந்த பட்டன் எல்லாம் தகரக் கூரையில மழை விழுந்த மாதிரி சடசடத்து ஓடுச்சு. வலது கையில கைவிரல் உறையோட சபதம் செஞ்சான்: "இந்த டீ நேரம் முடியறதுக்குள்ள கிரிப்டோன்னா என்ன, வாலட்டுன்னா என்ன, அந்தப் பன்னெண்டு சொல்லு என்னன்னு உங்க மூணு பேருக்கும் புரிய வைக்கலைன்னா, இனிமே இந்தக் கை ஒரு சட்டைக்கும் பட்டன் தைக்காது."

"அப்ப சட்டையை எல்லாம் எதை வச்சு மாப்ளே மூடுறது?" ன்னு மச்சான் நியாயமாத்தான் கேட்டாரு.

மூண்டது போர். எடுத்த எடுப்புல பட்டன் தன் முதல் அஸ்திரத்தை விட்டான்: கிரிப்டோ காசு எந்தப் பெட்டியிலயும் இல்ல, அது ஒரு கணக்கு, யாரு கையில இருந்து யாரு கைக்குப் போச்சுங்குற கணக்கு, அது ஒரு இடத்துல இல்லாம உலகம் பூரா ஏகப்பட்ட கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி எழுதி இருக்கு, அதுக்குப் பேருதான் பிளாக்செயின். அஸ்திரம் பறந்துச்சு. பாதி வழியிலேயே, கழுத்து வரைக்கும் ஜிப்பு சிக்கிக்கிட்ட ஒரு மனுஷன், கழட்ட முடியாத ஜாக்கெட்டுக்குள்ள இருந்தபடியே படியிறங்கி வந்து, முனகலாலேயே உதவி கேட்டாரு. மச்சான் மெழுகுவத்தியைத் தேச்சு அவரை விடுதலை பண்ணுறதுக்குள்ள அஸ்திரம் எங்க போய் விழுந்துச்சோ தெரியல.

"மேனேஜர் யாரு அதுக்கு?" ன்னாரு இஸ்திரி மாமா.

"மேனேஜரே கிடையாது மாமா."

"மேனேஜர் இல்லாம எப்படிடா நடக்கும்?"

"இங்க மேனேஜர் இருந்து மட்டும் என்ன நடக்குது," ன்னாரு மச்சான்.

இந்த இடத்துல பட்டன், நெஞ்சு விடைக்க, புருவம் நெரிய, எதிரியோட மார்பைப் பிளந்துடக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொன்னான். எந்த ஆபீசும் அந்தச் சொல்லைக் கேக்காதுக்கா, கேட்டாலே அவன் திருடன்தான்னு சொன்னான். அந்தக் கணத்துல, விதி வலியதுன்னு சும்மாவா சொன்னாங்க, மாமா இஸ்திரிப் பெட்டியை அழுத்துனாரு. ஆயிரம் நாகம் ஒண்ணாச் சீறுன மாதிரி ஆவி கிளம்புச்சு. ஆவி அடங்குனப்ப பட்டன் வாய் மூடியிருந்துச்சு.

"என்னமோ சொன்னியே?" ன்னாரு மாமா. அதுக்கு மேல கேக்கல. "டீ எங்க?"

"மச்சான் முறை," ன்னான் பட்டன்.

மூணு வாய் ஒண்ணாத் திறந்துச்சு. "உன் முறை."

"நேத்துதானே போட்டேன்."

"நேத்து போட்டது நானு," ன்னாரு மச்சான். "முந்தாநாளு நானு," ன்னாரு மாமா. "அதுக்கு முந்தி நானு, நீ போன தடவை உன் முறைக்கும் இப்படித்தான் நழுவப் பாத்த," ன்னாங்க அக்கா. பட்டன் வலப்பக்கம் பாய்ஞ்சான், மச்சான் கணக்கு மறிச்சுது. இடப்பக்கம் பாய்ஞ்சான், மாமா கணக்கு மறிச்சுது. மூணு தலையில ஒரே கணக்கு, ஒரு புள்ளி மாறல. சக்கர வியூகத்துல சிக்குன வீரன் மாதிரி சுத்திச் சுத்தி வந்தவன், திடீர்னு நின்னான். முகத்துல ஒரு வெளிச்சம்.

"இதுதான் பிளாக்செயின்."

"எது?"

"இதுதான். யாரும் எழுதி வைக்கச் சொல்லல, மேனேஜர் கிடையாது, ஆனா எல்லாரு தலையிலயும் ஒரே கணக்கு. நான் ஒருத்தன் மாத்திச் சொன்னா செல்லுமா?"

"செல்லாது," ன்னாரு மாமா.

"மூணு தலையையே ஏமாத்த முடியல, உலகம் பூரா இருக்குற அத்தனை கம்ப்யூட்டரையும் எவன் ஏமாத்த முடியும்?"

"புரிஞ்சுது மாப்ளே," ன்னாரு மச்சான். உண்மையிலேயே புரிஞ்சுது, கண்ணுல தெரிஞ்சுது. "அப்ப நீதான் டீ போடணும்."

வெற்றி பெற்ற வீரன் கெட்டிலைத் தூக்கிக்கிட்டுப் போனான். நாலு கிளாஸ்ல டீ ஊத்தி, தோத்தவங்களுக்கு எல்லாம் தன் கையாலேயே பரிமாறினான்.

ஆனா முதல் கோட்டை விழுந்தா போதுமா? அக்கா ஒரு வாய் குடிச்சுட்டுச் சொன்னாங்க: "கணக்கு எல்லாருக்கும் தெரியும். சரி. அப்ப என் சொல்லு அவருக்குத் தெரிஞ்சா மட்டும் என்ன குறையும்?" சொல்லிட்டு, போன் வர்ற நேரமாச்சேன்னு எழுந்து, கொக்கியில தொங்குன நீலக் கோட்டை எடுக்கப் போனாங்க. அக்கா மனசு எவ்வளவு கலங்கிக் கிடந்துச்சுன்னா, கத்திரியை மேசையிலேயே விட்டுட்டுப் போனாங்க. அந்தக் கூடம் கண்டிராத காட்சி அது.

பட்டனுக்கு நேரம் இல்ல, சொல்லும் இல்ல. கண்ணால பாத்தா புரியும்னு தோணுச்சு. காசு வேணும், காகிதக் காசு, ஒரு காசுப் பைக்கு ஒரு சாவி, சாவியைத் தூக்கிக் குடுத்தா பை காலின்னு நடிச்சே காட்டிடலாம். மேசையில அளவு வெட்டுற பழுப்புத் தாளு கிடந்துச்சு. பக்கத்துல கத்திரி கிடந்துச்சு. போர் வெறியில வீரனுக்கு வாள் எது உறை எதுன்னு தெரியாதுன்னு சொல்லுவாங்க. பட்டனுக்கும் தெரியல. எடுத்தான். வெட்டுனான். வட்ட வட்டமா காசு உதிர்ந்துச்சு. மாமா பாத்தாரு. கையில இருந்த கிளாஸ் உதட்டுக்கும் மேசைக்கும் நடுவுல அப்படியே நின்னு போச்சு. மச்சான் கண்ணை மூடிக்கிட்டாரு.

போன் அடிச்சுது.

அக்கா கோட்டை மடியில விரிச்சு, போனை ஸ்பீக்கர்ல போட்டாங்க. லைனிங் பிரிக்க ஒரு சின்ன ஊக்கே போதும், ஆனா எதையும் தன் கத்திரியால தொட்டாத்தான் அக்காவுக்குக் கை நம்பும். கை மேசைக்குப் போச்சு. மேசையில காத்துதான் இருந்துச்சு.

"மேடம், சொல்லை எடுத்துட்டீங்களா மேடம்?"

அக்கா நிமிர்ந்து பாத்தாங்க. மிஷின் சக்கரம் நின்னுச்சு. ஆவி அடங்குச்சு. சன்னல்ல போய்க்கிட்டிருந்த காலு கூட ஒரு கணம் தயங்குச்சுன்னு அங்க இருந்தவங்க இன்னைக்கும் சொல்றாங்க.

"எதை வெட்டுற?"

"காசுக்கா."

"எதால?"

அந்தக் கேள்விக்கு மூவுலகத்துலயும் நல்ல பதில் கிடையாது. பட்டன், கத்திரி கேட்டவன் எல்லாம் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னான்: "ஒரே நிமிஷம்தான்க்கா, இந்தா தந்துர்றேன்."

அவன் வாய் மூடுறதுக்குள்ள போன்ல இருந்த குரலும், அவசரத்துல மேடம்ங்குறதை விட்டுட்டு, சொல்லுச்சு: "ஒரே நிமிஷம் குடுங்க, வேலை முடிஞ்சதும் உங்களுது உங்களுக்குத்தான்."

அக்கா பட்டனைப் பாத்தாங்க. போனைப் பாத்தாங்க. பழுப்புத் தாள் துணுக்கு ஒட்டிக்கிட்டிருந்த கத்திரி அலகைப் பாத்தாங்க. ஏன் என்னும் அந்தப் பெருங்கோட்டையோட அடிக்கல்லு ஆடுறது வெளியில கேட்டுச்சு.

"நிமிஷம் கேட்டு வர்றவன்," ன்னு அக்கா போனைப் பாத்து நிதானமா ஆரம்பிச்சாங்க, "வருஷம் ஆனாலும் திருப்பித் தரமாட்டான். போங்க சார்."

வச்சுட்டாங்க. மறுபடி அடிச்சுது. மறுபடியும் வச்சாங்க. மூணாவது தடவை அடிச்சப்ப இஸ்திரி மாமா போனை வாங்கி, "இங்க மேனேஜர் கிடையாது," ன்னு சொல்லி அந்த நம்பரைத் தடுத்துப் போட்டாரு.

"இந்தச் சொல்லுங்குறது என் கத்திரிதானே?" ன்னாங்க அக்கா. "கத்திரி யாரு கையில இருக்கோ அவன்தான் வெட்டுவான். வெட்டுனதை ஒட்ட முடியாது. இதைச் சொல்ல உனக்கு ஏண்டா இவ்வளவு நேரம்?"

"ஆமாக்கா," ன்னான் பட்டன். அலகுல ஒட்டுன துணுக்கைத் துடைச்சு, கத்திரியை ரெண்டு கையாலயும் அக்கா கிட்ட நீட்டுனான்.

வென்றது சொல், காத்தது கோட்டு, தோத்தது மேடம்னு வாய் நிறைய கூப்பிட்ட வஞ்சகம். பிளாக்செயினை டீ கிளாஸ்ல அடக்கின பெருமானே, பூட்டாத வாலட்டைப் பூட்டாம காத்த புண்ணியனே, அக்கா வாசல்ல நாளைக்கு ஏறப்போற போர்டுக்கு இன்னைக்கே ஆணி அடிச்சவனே, உன் புகழை மிஷின் உள்ள வரைக்கும் பாபின் சுத்திப் பாடும், நூல் உள்ள வரைக்கும் ஊசி தலையாட்டிக் கேக்கும், தெருவுல போற கால் எல்லாம் அந்தச் சன்னல் கிட்ட வந்ததும் தானா வணங்கும்.

சாயங்காலம் கத்திரியைச் சாணை பிடிக்க அக்கா கிளம்புனாங்க, பட்டன் கூடப் போயி காசு குடுத்துட்டு வந்தான்.