தலைக்கு எவ்வளவு புகை?

அன்று காலை ஆறரை மணிக்கு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி நான் ஒரு சபதம் எடுத்தேன். மாடிவீட்டுக்காரன் காரில் என் மனைவி தனியாகப் போவதை இந்த மாதத்துக்குள் நிறுத்திக் காட்டுகிறேன். இல்லாவிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். எனக்கு மீசை கிடையாது. சபதம் எடுக்கிறவன் கொஞ்சம் முன்ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் போக்குவரத்துப் புள்ளிவிவர அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். வண்டிப் புகை ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று ஆறு மாதமாக ஓர் அறிக்கை எழுதுகிறேன். சம்பளம் கூடினால் மனிதன் கார் வாங்குகிறான். பெட்ரோல் விலை கூடினால் இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் அதே காரை எடுக்கிறான். பஸ் கட்டணம் கூடினால் மட்டும் அன்றைக்கே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறான். இவ்வளவுதான் சங்கதி. இதை நூற்று நாற்பது பக்கத்தில் சொல்ல வேண்டும்.

எழுதியதை மாலையில் மனைவிக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் துணி மடித்துக்கொண்டே "ம்" என்பாள். துணி தீர்ந்தால் "ம்"மும் தீர்ந்துவிடும். அவள் காதில் எதுவும் ஏறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். ஏழு மணிக்கு ஊசியோடு தயாராக இருக்க வேண்டும். என் அலுவலகம் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி. பத்து மணிக்கு, என் சொந்தக் காரில், நான் மட்டும் போவேன். அவளிடம் நாலு வருஷமாக லைசென்ஸ் இருக்கிறது. மாதம் ஒருமுறை சாவியைக் கேட்பாள். "கிளட்ச் என் காலுக்குப் பழகினது" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அப்புறம்தான் பஸ் கட்டணம் ஏறியது.

"ஏங்க, நாளையிலேருந்து நான் மாடிவீட்டுத் தம்பி கார்ல போறேன்."

"எதுக்கு?"

"கட்டணம் ஏறினா ஜனங்க பஸ்ஸை விட்டுடுவாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க? நாப்பத்திரண்டாம் பக்கம்."

"ஜனங்கன்னுதானே எழுதினேன். நீன்னா எழுதினேன்?"

"அப்போ நான் ஜனம் இல்லையா?"

இதற்கு நாற்பத்துமூன்றாம் பக்கத்திலும் பதில் இல்லை.

மாடிவீட்டுக்காரன் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நீச்சல் பயிற்சியாளன். மாடிப்படியில் எதிரே வந்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும், அவ்வளவு தோள். அவன் கார் பேட்டரியில் ஓடுவது. அதனால் நான் அவனுக்கு வைத்த பெயர் பேட்டரி. அவன் எனக்கு வைத்த பெயர் அங்கிள். அதுகூடப் போகட்டும். என் மனைவியை அவன் அக்கா என்கிறான்! ஒரே வீட்டில் அவள் அக்கா, நான் அங்கிள். நான் என்ன அவளுக்கு அப்பாவா?

அதைவிடக் கொடுமை, அந்தக் காருக்குச் சத்தம் இல்லை. பொறாமைப்படுகிறவனுக்குச் சத்தம் ரொம்ப முக்கியம். வண்டி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எப்போது போனது என்று படுத்தபடியே கணக்கு வைக்கலாம். இது பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போகிறது. எட்டு மணிக்கு எழுகிற நான் ஆறேகாலுக்கே எழுந்து திரைக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

கொள்கை ரீதியாகவும் தாக்கிப் பார்த்தேன்.

"அந்தக் காருக்குப் புகையே இல்லைன்னு நினைக்காதே. அந்த மின்சாரம் நிலக்கரியை எரிச்சு வருது, தெரியுமில்ல?"

"அதையும் சேர்த்துப் பார்த்தாலும் நம்ம காரைவிடக் கம்மிதான்னு போட்டிருக்கீங்களே. அறுபதாம் பக்கம்."

"அது இன்னும் அச்சாகல. மாத்திடலாம்."

"மாத்துங்க. மாத்தினதையும் வாசிச்சுக் காட்டுங்க."

பத்தாம் நாள் அவள் காரில் ஏறும்போது சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, நன்றாக, வாய்விட்டு. என்னோடு காரில் போகும்போது கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். போன வருஷம், டயர் பஞ்சரான அன்று. எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. என் நூற்று நாற்பது பக்கத்தில் சேராத புகை அது ஒன்றுதான். அந்த நிமிஷத்தில்தான் சபதம் எடுத்தேன்.

வழியும் என் அறிக்கையிலேயே இருந்தது. ஒரு காரில் தலை கூடக்கூடத் தலைக்கு வரும் புகை குறையும். ஆகவே அந்தக் காரில் இன்னொரு தலை ஏற வேண்டும். கைவசம் ஒரு தலை இருந்தது.

"நாளையிலேருந்து நானும் அந்தக் கார்லயே வர்றேன்."

"நீங்களா? ஆறரை மணிக்கா? பத்து மணிக்குத்தானே ஆபீஸ்?"

"பூமிக்காக."

"பூமிக்காக நீங்க ஒரு லைட்டைக்கூட அணைச்சதில்லையே. வேண்டாங்க, உங்களுக்குக் கஷ்டம்."

"கஷ்டம் இல்லே."

"தூக்கம் கெட்டுடும். வேண்டாம்."

"கெடட்டும்."

"சொன்னா கேளுங்க, வேண்டவே வேண்டாம்."

மூன்று தரம் வேண்டாம் என்றாள். மூன்றாவது தரத்தில் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நான் அசையவில்லை. அவள் பெருமூச்சு விட்டு ஒரு சட்டையை மடித்தாள்.

"சரி, வாங்க. ஆனா சும்மா வந்து ஏறினீங்கன்னா, பொறாமையில வர்றார்னு அந்தத் தம்பி நினைச்சுக்கும். ஆபீஸ்ல உங்களுக்குக் கார் நிறுத்தற இடம் இருக்கில்ல? அதை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க. அப்பதான் பூமிக்காகன்னு நாலு பேர் நம்புவாங்க."

எனக்கே அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. மறுநாளே எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கண்கலங்கினார். தன் அறிக்கைக்குத் தானே உதாரணமாக நிற்கும் ஊழியர் என்று என் புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மரநிழலில் இருந்த என் இடத்தை மாலைக்குள் தலைமைத் தட்டச்சாளருக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை நான் முதலில் ஓடிப்போய் முன் சீட்டைப் பிடித்தேன். மனைவி பின்னால். பேட்டரிக்கும் அவளுக்கும் நடுவே மலை மாதிரி நான். வழி நெடுக அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் இறங்கிக்கொண்டாள். என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, பின்தெருவில் இருக்கும் நீச்சல்குளத்துக்கு அவன் போனான். ஏழேகாலிலிருந்து பத்து மணிவரை காவலாளியோடு உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் மனசுக்குள் ஒரே கும்மாளம். ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆறரைக்கு ஷூ மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலையா?"

"எனக்கு இன்னையிலேருந்து மதிய ஷிஃப்ட்டுங்க. பன்னெண்டுலேருந்து எட்டு. கேட்டு மூணு மாசமாச்சு, இப்பதான் கொடுத்தாங்க."

"அப்போ எதுல போவே?"

என் கார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினாள்.

"கிளட்ச்…"

"நீங்க ஆபீஸ்ல இருந்தப்போ, போன வாரம் நாலு நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்துட்டேன். என் காலுக்கும் பழகிடுச்சு."

"தனியா ஒருத்தி கார்ல போனா எவ்வளவு புகை தெரியுமா?"

"தனியா எதுக்குப் போறேன்? லேப்ல என்கூட வேலை செய்யற மூணு பேரை வழியில ஏத்திக்கறேன். நாலு தலை. வகுத்துப் பாருங்க."

வாசலிலிருந்து குரல் வந்தது. "அங்கிள், நேரமாச்சு!"

போய் ஏறினேன். ஒரு சத்தமும் இல்லாமல் கார் நகர்ந்தது. என் பொறாமைக்கு ஆளே இல்லாமல் போனதில், அடுத்து என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

"அங்கிள், முன்னாடி டப்பாவுல ஒரு ஃபாரம் இருக்கும், ஒரு கையெழுத்துப் போடுங்க. தினமும் கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு எங்க குளத்துல சார்ஜ் பண்றது இலவசம்."

எடுத்துப் பார்த்தேன். 'உடன் வரும் பயணி' என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும். அதுவும் என் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில். கீழே போட்டிருந்த தேதி, பஸ் கட்டணம் ஏறுவதற்கு ஒரு வாரம் முந்தியது.

"தம்பி, இதுல அவ பேரே இல்லையே?"

"அக்கா பேர் எதுக்கு அங்கிள்? நீங்க சீக்கிரம் எழுந்திரிக்கப் பழகுற வரைக்கும் சீட்டைப் பிடிச்சு வைக்கத்தானே அவங்க வந்தாங்க."