மன்றாட்டுக்கு வந்த முழங்கால்

கிட்ட வாங்க கண்ணுகளா, காற்று படுகிற பக்கமாக உட்காருங்கள். நம்ம தீவில், ஜெலுத்தோங் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் ஒரு முழங்கால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கொஞ்சம் கோபமும் படுங்கள்.

முழங்கால் அமலம்மாளுடையது. அதற்கு ஒரு குறையும் இல்லை. சந்தையிலிருந்து பாசார் பையோடு மூன்று மாடி ஏறும். குறை இருந்தது இடது மார்பில். குளிக்கும்போது புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கிளினிக்கில் பெண் டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் பிடிக்கும் மேமோகிராம் எடுக்க வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேதி வாங்கிக் கொடுத்தார்.

"தவற விட்டுடாதீங்க. அடுத்த தேதி கிடைக்க ரொம்ப நாளாகும்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஆரோக்கியநாதன், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"முட்டி," என்றாள் அமலம்மாள்.

ஏன் பொய்? சுங்கை பாக்காப் ஊரில் இருந்த அவளுடைய அக்காவுக்கு இதே இடத்தில் கட்டி வந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு எண்ணெய் தடவிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டு வாசலில் ஆரோக்கியநாதன், "யாராச்சும் கேட்டா காய்ச்சல்னு சொல்லுங்க," என்று காவல் நின்றார். முட்டி என்றால் ஊருக்கே சொல்லலாம். மார்பு என்றால் தாலி கட்டியவரிடம்கூடச் சொல்லக் கூடாது. ஆண்டவர் படைத்த உடம்பில் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டது யார்?

"முட்டிக்கு எதுக்கு பெரிய ஆஸ்பத்திரி?" என்றார் ஆரோக்கியநாதன். "பிறை ஊர்ல இருக்கிற முஸ்தஃபா அண்ணே நீவி விட்டா சரியாயிரும் லா. வியாழக்கிழமைதான் அவருக்கு லீவு. காலையில வரச் சொல்றேன்."

"தொட்டாலே உயிர் போகுது. எக்ஸ்ரே எடுக்காம யாரும் கை வைக்கக் கூடாதாம்."

அதோடு விட்டிருக்கலாம். அவர் நம்ப வேண்டுமே என்று நொண்டியும் காட்டினாள்.

மறுநாள் அவர் உற்றுப் பார்த்தார். "நேத்து வலது கால்ல இல்ல நொண்டினே?"

"ரெண்டும்தாங்க."

இரண்டும் என்றதும் மனிதர் பயந்துபோனார். முஸ்தஃபாவை வேண்டாமென்றார். "நானே லீவு போட்டு வர்றேன். டாக்டர்கிட்ட நானே பேசுறேன்," என்றார். அதோடு நில்லாமல் ஃபாதரிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு வாசித்தார்கள்: "சகோதரி அமலம்மாளின் இரு முழங்கால்களும் குணமடைய வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

கோயிலில் இருந்த அத்தனை பேரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்ததும் பெண்கள் சங்கத் தலைவி மோனிக்கா வந்து நின்றார். அவர் காதில் விழுந்தது மாலைக்குள் தீவையே சுற்றி வந்துவிடும்.

"எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மணிக்கு?"

அமலம்மாள் சொன்னாள். மோனிக்கா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஆரோக்கியநாதனிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்க வேலைக்குப் போங்க. கோயில் வீல்சேர் சும்மாதான் கிடக்கு. நான் தள்ளிட்டுப் போறேன்."

"வேணாம்க்கா, நான் நடப்பேன்," என்றாள் அமலம்மாள்.

"ரெண்டு முட்டியும் போச்சாமே. எப்படி நடப்பே?"

வியாழக்கிழமை லிப்ட் ஓடவில்லை. அரிசி மூட்டையோடு படியேறுகிறவளை, கணவரும் பக்கத்து வீட்டு ஹஸ்ருலும் வீல்சேரோடு மூன்று மாடி தூக்கி இறக்கினார்கள். ஹஸ்ருலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அக்கா, கேன்டீன்ல டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"தாகமில்லை."

"வீட்டுல வேலை இருக்குமே."

"அது கிடக்கட்டும்."

மணி பத்தாக ஐந்து நிமிடம். அமலம்மாள் வீல்சேரிலிருந்து விருட்டென்று எழுந்து நின்றாள். எதிரே காத்திருந்த ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எனக்கு முட்டியில ஒண்ணுமில்லக்கா. மார்ல கட்டி. மார்ல. போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. எங்கக்கா இதைச் சொல்ல வெட்கப்பட்டே செத்தா. நான் வெட்கப்பட்டுச் சாக மாட்டேன்."



"சொல்லி முடிச்சிட்டியா? உட்காரு, நேரமாச்சு," என்றார் மோனிக்கா. எலும்புப் பிரிவைத் தாண்டி, யாரிடமும் வழி கேட்காமல், மேமோகிராம் எடுக்கும் கடைசிக் கதவுவரை வண்டியைத் தள்ளினார்.

கதவைத் திறந்த தாதி ஜன்னத் சிரித்தாள்.

"வாங்க மோனிக்கா அக்கா. இந்த மாசம் நீங்க கூட்டிட்டு வர்ற மூணாவது முட்டி இது."

உங்கள் வீட்டுப் பெண்கள் நோயை அதன் பேர் சொல்லிச் சொல்லட்டும், ஆண்கள் காது கொடுத்துக் கேட்கட்டும், எல்லாரும் நூறு வயசு இருந்து ஒரே மேசையில் சாப்பிடுங்கள், கண்ணுகளா.